வீடே சானடோரியம்!

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் ஒரு சின்னாளப்பட்டுச் சேலை இருக்கிறதா? உங்களிடம் இல்லாவிட்டாலும் அம்மாவிடமோ பாட்டியிடமோ நிச்சயம் ஒன்று இருந்திருக்கும். அசல் பட்டு வாங்கப் பணம் இல்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பளபளவென்று கட்டிக்கொண்டு போக ஆசை இருக்கிறது என்ற நிலையில் இருந்த எத்தனையோ குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றிய சேலை அது.

அந்தச் சேலைக்குப் பெயர் கொடுத்த ஊர், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிற சின்னாளப்பட்டி. ஊருக்குள் நுழைந்தால் தறிச் சத்தம்தான் வரவேற்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். சேலையைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அந்தச் சேலையை நெய்த வீட்டுக்குள் ஒரு நிமிஷம் என்னோடு வாருங்கள்.

1950-ஐ ஒட்டிய வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டு வீடு. முன்கட்டில் குழித்தறி. வீட்டுக்காரர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். பக்கத்திலேயே மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நூல் இழை காற்றுக்கு அலையக்கூடாது என்று ஜன்னல் பாதி மூடியிருக்கிறது. தறிக்கும் அடுப்புக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் குழந்தைகள் படிக்கின்றன, சாப்பிடுகின்றன, தூங்குகின்றன. கிழவி ஒரு மூலையில். சேலை முடிந்தால் கூலி, முடியாவிட்டால் இல்லை.

இந்த வீட்டில் வீட்டுக்காரருக்கு இருமல் வருகிறது. முதலில் பனி என்கிறார்கள். பிறகு நூல் தூசி என்கிறார்கள். சுக்குக் கஷாயம், தூதுவளை ரசம், எல்லாம் ஆகிறது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் சளியில் ரத்தம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வியாதியின் பெயரை உரக்கச் சொல்லமாட்டார்கள். க்ஷயம், காசம், என்புருக்கி, டி.பி. என்று எத்தனையோ பெயர் உண்டு. எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவேண்டிய பெயர்கள். வெளியே தெரிந்தால் மூத்த பெண்ணுக்கு வரன் வராதே!

அந்த மனைவியின் நிலையில் இருந்து பாருங்கள். டாக்டர் சொல்லுவார்: "ஆறு மாதம், ஒரு வருஷம் சானடோரியத்தில் சேருங்கள். நல்ல காற்று, பால், முட்டை, பரிபூரண ஓய்வு." தறி நின்றுவிட்ட வீட்டில் பாலுக்கும் முட்டைக்கும் எங்கே போவது? அந்த ஒரு வருஷம் குழந்தைகளுக்குக் கஞ்சி யார் ஊற்றுவார்கள்? சரி, எப்படியோ சமாளிக்கலாம் என்று கிளம்பினால் சானடோரியத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கவில்லை. 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, தேசம் முழுவதும் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. வருஷத்துக்கு 5 லட்சம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு பேருக்கும் சேர்த்து இருந்த படுக்கைகள் சுமார் 6,000! நானூறு பேருக்கு ஒரு கட்டில்.

அந்தக் கட்டில்களையாவது யார் போட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டும். தாம்பரத்துக்கு முன்னால் "தாம்பரம் சானடோரியம்" என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறதல்லவா? மின்சார ரயிலில் தினம் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருப்பார்களோ தெரியாது. டாக்டர் சௌரி முத்து என்ற தமிழர் 1928-ல் அங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது சர்க்காரிடம் வந்தது. இந்த டாக்டர் அதற்கு முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் மலையடிவாரத்தில், ஒரு சானடோரியம் நடத்திவந்தவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவருடைய பராமரிப்பில் இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரல் கோளாறு என்று பிற்காலத்தில் சில வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது வேறு கதை.)

வசதியுள்ளவர்கள் சுவிட்ஸர்லாந்துக்கே போனார்கள். போயும் என்ன? கமலா நேரு 1936-ல் லோஸான் நகரில் காலமானார். நம் புதுமைப்பித்தன் 1948-ல், 42 வயதில், இதே வியாதிக்குப் பலியானார். இத்தனைக்கும் அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது! மருந்து உலகத்தில் இருப்பது ஒன்று, அது நம் வீட்டுக்கு வந்து சேருவது இன்னொன்று.

வீட்டுக்கு வந்து சேருவது என்றேனே, அந்த விஷயத்தில் சின்னாளப்பட்டிக்கே ஒரு பங்கு உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளவயதில் கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்குச் சமையல்கட்டின் மூலை ஒன்றுதான் மிச்சம். இவரோ டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டராகத் திரும்பினார். பிறகு ஜி. ராமச்சந்திரனை மணந்து, இருவரும் சேர்ந்து 1947-ல் சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். சின்னாளப்பட்டியில் இரண்டே இரண்டு படுக்கைகளோடு அவர் ஆரம்பித்த தாய்சேய் நல விடுதிதான் பின்னால் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. காந்திகிராமத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். நோயாளி வண்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், ஆஸ்பத்திரி வாசற்படி ஏறி அடுப்பங்கரை வரை போகவேண்டும் என்பது அந்த அம்மாளின் கட்சி.

பிரசவத்துக்கும் குழந்தைக்கும் இது சரி. காசநோய்க்குச் சரிப்படுமா? ஒட்டிக்கொள்கிற வியாதிக்காரரைக் குழந்தை குட்டிகளோடு ஒரே அறையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதாவது என்றுதான் உலகத்துப் பெரிய டாக்டர்கள் எல்லாரும் நினைத்தார்கள். உங்கள் பாட்டியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் லண்டனும் அல்ல, நியூயார்க்கும் அல்ல. சென்னை, சேத்துப்பட்டு.

1952-ல் ஐசோனியாஸிட் என்ற மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. விலை மலிவு, விழுங்கினால் போதும், ஊசி வேண்டாம். அதோடு பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், கிருமி மருந்துக்குப் பழகிப்போய் எதிர்த்து நிற்பதைத் தடுக்கலாம் என்றும் தெரிந்தது. அப்படியானால் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கினால் என்ன? இதைச் சோதித்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நாலும் கூடி 1956-ல் ஒரு நிலையத்தைத் தொடங்கின. லண்டனிலிருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் வந்து தலைமை வகித்தார்.

சோதனை இதுதான். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் தம் இஷ்டப்படி தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரியான ஓர் ஏற்பாட்டில் தீர்மானம் ஆயிற்று. இது ரொம்ப முக்கியம். டாக்டரிடம் விட்டால், இரக்கப்பட்டு மோசமானவர்களை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் எது எதைவிட நல்லது என்று எப்படிச் சொல்வது? இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரு வருஷம்.

மருந்து ஒன்றுதான் ஒன்றே தவிர, மற்றதெல்லாம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கட்டில், காற்று, ஓய்வு, வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்கள் வீடு! நெரிசலான தெரு, காற்றோட்டமில்லாத ஒற்றை அறை, அரை வயிற்றுச் சாப்பாடு. கொஞ்சம் தெம்பு வந்ததும் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பெண் நோயாளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு "பரிபூரண ஓய்வு" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அடுப்புதான் பற்றவைப்பாள்.

சிரமம் எங்கே என்றால், மருந்தை விழுங்க வைப்பதில். பாஸ் என்பது நம் காலத்து மாத்திரையைப் போல வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற சமாசாரமல்ல. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். மெல்லிய மாவு உறைகளில் அடைத்துக் கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டும். ஒரு மாதம் போனால் காய்ச்சல் நிற்கும், இருமல் குறையும், சோறு இறங்கும். அப்போதுதான் ஆபத்து! "உடம்பு தேறிவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கண்ணராவி?" என்று தோன்றும். அன்று மருந்தை நிறுத்தினவருக்கு வியாதி திரும்பி வரும். வரும்போது மருந்துக்கு அடங்காத வியாதியாக வரும்.

ஆகவே நிலையத்தார் ஒரு யுக்தி செய்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் நர்ஸ் வீட்டுக்கே வந்துவிடுவாள். வந்தாலும் சில சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் வருவாள். வந்து, "எங்கே, மருந்துப் பெட்டியைக் கொண்டாருங்கள்" என்று மிச்சம் இருப்பதை எண்ணுவாள். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு இருந்தால் திருட்டு வெளியாகிவிடும். கெட்டிக்கார நோயாளி மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்கைச் சரிக்கட்டலாமே என்கிறீர்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். போகாவிட்டால் மாறாது. மாமியாரிடம்கூடத் தப்பிக்கலாம், இந்த நர்ஸிடம் தப்பிக்க முடியாது!

ஆனால் நர்ஸ் வருவது வாரத்தில் ஒருநாள். மற்ற நாட்களில் அந்த வேலையைச் செய்தது யார்? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவளுடைய பெயர் இராது. பட்டியலில் வருவது டாக்டர்களும் புள்ளிவிவர நிபுணர்களும்தான். சம்பளமில்லாமல் இரண்டு வேளையும் தண்ணீர்ச் சொம்போடு எதிரே நின்று, "இதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சியோ அதட்டியோ ஒரு வருஷம் காலம் கொடுத்தவர்கள் மனைவிகள், தாய்மார்கள், மருமகள்கள். அவளே நோயாளியாக இருந்த வீட்டில் அவளுக்கு யார் சொம்பு நீட்டினார்கள் என்று கேட்டால், எல்லா வீட்டிலும் ஒரே பதில் கிடைத்திராது.

வருஷம் முடிந்தது. கணக்குப் பார்த்தார்கள். வியாதி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வித்தியாசம் அவ்வளவுதான்! 1959-ல் இந்த முடிவு பிரசுரமானபோது உலகத்து வைத்தியர்கள் ஆச்சரியத்தில் ஆழ்ந்தார்கள். அதோடு விட்டுவிடாமல், அதே மனிதர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். நடுவில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்களுக்கு அதையும் கொடுத்தார்கள். ஐந்து வருஷ முடிவில் வீட்டுத் தரப்பில் நூற்றுக்கு 90, சானடோரியத் தரப்பில் 89. ஆறு பங்கு வித்தியாசமும் மறைந்துவிட்டது.

சானடோரியத்துக்குப் போனவர்களுக்கு வேறு கஷ்டம் இருந்தது. ஒரு வருஷம் வீட்டைப் பிரிந்திருந்தால் குடும்பம் என்ன ஆகும்? குழந்தைகள் நினைவு தாளாமல், வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற கவலையில், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவந்துவிட்டவர்கள் உண்டு. நல்ல காற்றும் பாலும் அவர்களைக் கட்டிப்போடவில்லை.

இனி நீங்கள் கேட்க நினைக்கிற கேள்விக்கு வருகிறேன். ஒரே அறையில் இருந்த குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று?

நோயாளிகளோடு குடியிருந்த குடும்பத்தார் எல்லாரையும் நிலையத்தார் எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து வந்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்த குடும்பங்களில், நோயாளி சானடோரியத்துக்குப் போய்விட்ட குடும்பங்களைவிட வியாதி அதிகமாக வரவில்லை! எப்படி என்றால், ஒட்டவேண்டியது பெரும்பாலும் முன்பே ஒட்டிவிடுகிறது. வியாதி இன்னதென்று தெரியாமல், பனி என்றும் தூசி என்றும் கஷாயம் குடித்துக்கொண்டிருந்த மாதங்கள் இருக்கின்றனவே, அவைதான் வீட்டாருக்கு ஆபத்தான மாதங்கள். மருந்து உள்ளே போக ஆரம்பித்த பிறகு சளியில் கிருமி சீக்கிரம் குறைந்துவிடுகிறது. வியாதி தெரிந்த பிறகு நோயாளியைக் கண்டு ஒதுங்குகிறோம்; ஒதுங்கவேண்டிய காலத்திலோ பக்கத்தில் படுத்திருந்தோம்!

இதை எழுதும்போது என் பெரியம்மாவின் தம்ளர் ஞாபகம் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு இந்த வியாதி வந்து, மருந்து சாப்பிட்டு, பூரணமாகக் குணமாகிவிட்டது. ஆனாலும் அவளுக்கென்று ஒரு பித்தளைத் தம்ளர், ஜன்னல் மாடத்தில் தனியாக இருக்கும். யாரும் தொடமாட்டோம். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு நான் விவரம் தெரிந்து, "அதெல்லாம் வேண்டாம் பெரியம்மா, இது எச்சிலால் வருவதில்லை, இருமும்போது காற்றில் வருவது" என்று சொன்னேன். "இருக்கட்டும்டி, பழகிவிட்டது" என்றாள். கடைசிவரை அந்தத் தம்ளரில்தான் காபி குடித்தாள்.

தம்ளரிலும் தட்டிலும் இவ்வளவு கவனம் செலுத்திய நாம், ஜன்னலைத் திறந்து வைப்பதில் அதில் பாதிக் கவனம் செலுத்தியிருக்கலாம். இருமும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.

சேத்துப்பட்டு முடிவு சின்னாளப்பட்டி மாதிரி ஊர்களுக்கு ஏன் பெரிய விஷயம்? காசநோய் பட்டணத்து வியாதி, ஆலைப் புகையும் நெரிசலும் இருக்கிற இடத்தில் வருவது என்று அதுவரை ஓர் எண்ணம் இருந்தது. 1955 முதல் 1958 வரை தேசம் முழுவதும் எக்ஸ்ரே வண்டியோடு போய் நடத்திய கணக்கெடுப்பில், கிராமத்திலும் பட்டணத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று தெரிந்தது. கிராமம் கிராமமாகச் சானடோரியம் கட்ட எந்தச் சர்க்காராலும் முடியாது. ஆனால் வாரம் ஒருமுறை மாத்திரை கொடுக்க முடியும்! பெங்களூரில் 1959-ல் தேசிய காசநோய் நிலையம் ஏற்பட்டது. மறு வருஷம் நேரு அதைத் திறந்துவைத்தார். 1962-ல் ஜில்லாவுக்கு ஒரு காசநோய் மையம், சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே சளிப் பரிசோதனை, வீட்டிலேயே மருந்து என்று தேசியத் திட்டம் வந்தது. அப்போது சின்னாளப்பட்டி மதுரை ஜில்லாவில் இருந்தது. திண்டுக்கல் தனி ஜில்லா ஆனது 1985-ல்தான்.

திட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. பெங்களூர் நிலையத்தார் தும்கூர் ஜில்லாவில் ஓர் ஆராய்ச்சி செய்து 1963-ல் வெளியிட்டார்கள். சளியில் கிருமி இருந்த கிராமத்து ஜனங்களை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்து, "ஏன் ஐயா, இருமிக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நாங்கள் போனோமே!" ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சளியைப் பரிசோதிக்காமல், ஒரு சீசா இருமல் மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். படிக்காத ஜனங்கள், மூட நம்பிக்கைக்காரர்கள், வைத்தியத்துக்கு வரமாட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த பழிக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிண்டியில் 1948-ல் பி.ஸி.ஜி. தயாரிக்கும் கூடம் ஏற்பட்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குத்திக்கொண்டு வந்தார்கள். "இது வேண்டாத வேலை" என்று 1955-ல் எதிர்த்துப் புத்தகமே போட்டார் ஒருவர். வேறு யாருமல்ல, ராஜாஜி! டாக்டர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு 1968 முதல் செங்கற்பட்டு ஜில்லாவில் லட்சக்கணக்கான ஜனங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 1979-ல் வெளிவந்த முடிவைப் பார்த்து உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை! ராஜாஜி சொன்ன காரணங்கள் எல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமல்ல. சின்னக் குழந்தைகளுக்கு மூளைச் சவ்வில் வரும் கொடிய காசத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. அதற்காகத்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். போடாமல் விட்டுவிடாதீர்கள்.

சேத்துப்பட்டில் இன்னொரு காரியமும் நடந்தது. வீட்டில் மருந்தை விழுங்குகிறாரா இல்லையா என்று துப்பறிவதைவிட, வாரத்துக்கு இரண்டே நாள் வரச்சொல்லி நம் கண்ணெதிரே விழுங்க வைத்தால் என்ன என்று யோசித்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு ஐசோனியாஸிட்டை அந்த மாதிரி கொடுத்துப் பார்த்தார்கள். 1964-ல் வெளியான அதன் முடிவும் நன்றாகவே இருந்தது. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் இந்த முறையை முப்பது வருஷம் கழித்து உலக சுகாதார ஸ்தாபனம் ஊரூராகப் பரப்பியது. அன்று சின்ன நிலையமாக ஆரம்பித்ததற்கு 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெரிய பெயர்.

ஒரு பாக்கி இருக்கிறது. சாப்பாடு.

அரை வயிற்றுச் சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்தது என்று சேத்துப்பட்டு காட்டியதல்லவா? அதைக் கேட்டுவிட்டுச் சிலர், "அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை" என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டார்கள். மருந்து இருந்தால் பாலும் முட்டையும் இல்லாமலும் கிருமி சாகும் என்பதுதான் அங்கே கண்டது. பட்டினிக்கும் வியாதிக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னார்கள்? நம் பாட்டிமார் "உடம்பு உருகினால் காசம் வரும்" என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அண்மையில்தான் சரியாக நிரூபணம் ஆயிற்று. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் கொடுத்தார்கள்.  அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது! அரிசியும் பருப்பும் கிட்டத்தட்டத் தடுப்பூசி வேலையைச் செய்திருக்கின்றன.

நம் வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள் யார், அவள் இலையில் பருப்பு எவ்வளவு விழுகிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் என்று தெரிந்தவுடனே நோயாளி அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, தானாக எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். சாவைத் தடுப்பதற்கென்றே ஏற்பட்ட திட்டம் இது. அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டில் தேவைதான். மற்றவர்களுக்கு வீடு போதும். கிருமி சாதாரண மருந்துகளுக்கு அடங்குவதாக இருந்தால் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். பாஸும் இல்லை, வயிற்றுப் புரட்டலும் அவ்வளவு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை. சத்தான ஆகாரத்துக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள்.

ஆனால் வரன் விஷயம் மாறவில்லை. வியாதி தெரிந்ததும் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. மகனுக்கு வந்தால் மருமகள் சொம்போடு நிற்க வேண்டும். மருமகளுக்கு வந்தால் அவள் அம்மா வந்து அழைத்துப் போக வேண்டும்! இதற்குப் பயந்துகொண்டே பெண்கள் இருமலை மறைக்கிறார்கள். மறைக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான், மேலே சொன்ன மாதிரி, பக்கத்தில் படுத்திருக்கிற குழந்தைக்கு ஆபத்து.

உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சலோ மெலிவோ சேர்ந்துகொண்டால், சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருமல் மருந்துச் சீசாவோடு திருப்பி அனுப்பினால், "சளியைப் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. காலையில் எழுந்ததும், மார்பிலிருந்து ஆழமாக இருமி வருகிற சளியைக் கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லையாம்" என்று சந்தோஷமாக வீடு திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.